மயிலம்மாளின் காகித நெகட்டிவ்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை சேலத்துப் போட்டோக்காரர் இம்தியாஸ் சொன்னது. பாதியில் எழுந்து போனவர் மீதியைச் சொல்லவேயில்லை.

2

வெண்ணந்தூர்ப் பக்கம் வெயில் (வேண்டாம், வெயிலில் ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.)

இம்தியாஸுக்கு ஒரு கிறுக்கு. பெட்டிக் கேமராவில் பிலிமுக்குப் பதில் போட்டோத் தாளைச் செருகிப் படமெடுப்பார். எடுத்த இடத்திலேயே, ஆம்னி வண்டிக்குள் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு விளக்கில் கழுவுவார். அந்தச் சோதனைக்குத்தான் வெண்ணந்தூர்ப் பக்கம் அர்த்தநாரி என்பவரின் தோட்டத்துக்குப் போனார். போன இடத்தில் அர்த்தநாரி தன் மனைவி மயிலம்மாளை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். அவளுக்குப் புற்று. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

3

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மயிலம்மாளின் கொழுந்தன் மகன் போன மாதம் எடுத்த அவள் படம், அவன் போனிலேயே 'கண்ணீர் அஞ்சலி' பிளெக்ஸாகத் தயாராகி இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். அதை அவளே பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து போனைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்கிறாள். (இவ்வளவு அமைதியாக ஒருத்தி இருப்பாளா? நானாக இருந்தால் போனைக் கிணற்றில் எறிந்திருப்பேன்.)

இம்தியாஸின் பெட்டிக்கு மட்டும் சம்மதித்து, பன்னிரண்டு விநாடி அசையாமல் உட்கார்ந்தாள்.

4

முதல் மூன்று தாள்கள் போர்வெல் தண்ணீரின் சூட்டில் வீணாயின. கடைசித் தாளில் முகம் நெகட்டிவாக வந்தது: கறுத்த முகம் வெளுப்பாக, நரைத்த முடி கறுப்பாக. அடுத்து ஹைப்போ.* இம்தியாஸ் இரண்டாவது கேனைத் திறந்தார். அதிலும் முகத்தை வரவழைத்த அதே டெவலப்பர். ஒரே மாதிரிக் கேன்கள், மாற்றி எடுத்து வந்திருக்கிறார்.

(* ஹைப்போவில் போடாத படம் வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும்.)

இருட்டுப் பையில் வைத்துச் சேலம் கொண்டுபோய் ஹைப்போவில் போட்டால் படம் பிழைக்கும். அர்த்தநாரி அதைத்தான் கெஞ்சினார். அவருக்கு அவள் முகம் வேண்டும். வண்டியில் ஏறத் தெம்பில்லாத மயிலம்மாள் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாள்:

"நீ சேலம் போயி வாரதுக்குள்ள நான் இருக்கறனோ இல்லையோ. படம் தப்பிச்சாலும் அது அந்தப் பிளெக்ஸ் பையன் கைக்குத்தான் போகும். இங்க கொண்டா சாமி. ஒருக்கா நான் பாத்துக்கறேன். கறுத்தாக் கறுத்துட்டுப் போகுது."

5

இம்தியாஸ் அந்தத் தாளைச் சிவப்பு விளக்கில் செல்போனால் திருட்டுத்தனமாகப் படமெடுத்துவிடும் முடிவு ஒன்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

சேலம் போகும் முடிவில் அவள் பிளெக்ஸில் ஏறுகிறாள். வெளியே கொண்டுவரும் முடிவில் அர்த்தநாரி கையில் வெறும் கறுப்புத் தாள். இரண்டிலும் அவள் சாகிறாள். அதை மாற்ற எனக்கு வக்கில்லை.

கொண்டுவரட்டுமா என்று வண்டிக்குள்ளிருந்து இம்தியாஸ் கேட்கிறார். நீங்கள் சொல்லுங்கள். அவளால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்க முடியாது.