பழகின தோல்

பொழுது வெளுக்கும் முன்பே தோல் ஆலையின் சுண்ணாம்புத் தொட்டிக்கு வந்துவிடுவோம். ஆண்கள் இரண்டு பேர் கொக்கி போட்டு இழுக்க, ஊறி உப்பிய மாட்டுத் தோல் மனசில்லாமல் மேலே வரும். அதைக் கட்டையில் விரித்துப் போட்டு, வளைந்த கத்தியால் மயிரை வழிப்பது என் வேலை. நாற்றத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது எங்களுக்கு எப்போதோ செத்துப்போனது. நகக்கண்ணில் புண் இல்லாத ஆள் எங்கள் ஷெட்டில் கிடையாது. தோலை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சொந்தத் தோல் மிச்சமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

என் வீட்டுக்காரருக்கு மைனா என்று பட்டப்பெயர். வேலை நேரத்தில் ஓயாமல் பேசுவார். சாய உருளைக்கு வெந்நீர் திறந்துவிடுவது அவர் பொறுப்பு. அந்த வெந்நீர்க் குழாயின் வால்வு பல நாளாக உறுமிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னோம். “சரக்கு கப்பலேறட்டும், பாத்துக்கலாம்” என்றார். சரக்கு ஏறிவிட்டது. மறுவாரம் வால்வு பிடுங்கிக்கொண்டு, ஆவியும் வெந்நீரும் கழுத்திலிருந்து இடுப்பு வரை அவரை அடித்தது. ஓடிப்போய்ச் சட்டையைக் கழற்றினேன். சட்டையோடு தோலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பூசி மெழுகுகிற ஆள் இல்லை. அவர் தொடையிலிருந்தே மெல்லிசாகத் தோல் சீவி எடுத்துக் கைகளில் ஒட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போதவில்லை. சீவிய இடம் ஆறிய பிறகுதான் அங்கே மறுபடி எடுக்க முடியும்.

“அதுவரைக்கும் நெஞ்சைத் திறந்து போட முடியாதும்மா. உடம்புத் தண்ணியெல்லாம் வடிஞ்சிடும், கிருமி ஏறிடும். வேற யாராவது தோல் குடுத்தா தற்காலிகமா மூடலாம். எங்க சேமிப்புல ஒரு துண்டு கூட இல்ல.”

என் கொழுந்தன், அவருடைய கூடப்பிறந்த தம்பி, எங்களோடு தொட்டியில் கொக்கி போடுகிறவன், அப்போதே படுத்துத் தொடையைக் காட்டினான். ஒட்டிய தோல் சில நாளில் ரோஜா நிறத்துக்கு வந்தது. நான் ஷெட்டுக்கு ஓடி, “பிடிச்சிடுச்சு” என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

“சந்தோஷப்படாதீங்க. அது வாடகைக்கு வந்த தோல். ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க. ரெண்டு வாரத்துக்குள்ள இது நம்ம ஆள் இல்லன்னு கண்டுபிடிச்சுத் துரத்திடுவாங்க.”

“ஒரே வயித்துல பொறந்தவன் டாக்டரம்மா.”

“ஒரே வயித்துல ரெட்டையா, ஒரே அச்சுல பொறந்தா விட்டுடும். மத்தபடி தம்பியும் வெளியாள்தான்.”

அவர் சொன்னபடியே நடந்தது. ரோஜா நிறம் கத்தரிப்பூ நிறமாயிற்று, ஓரங்கள் சுருண்டன, கட்டைப் பிரித்தபோது துணியோடு சேர்ந்து வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பெண்டாட்டி செய்கிற வேலையா அது? ஆனாலும் பொத்திக்கொண்டேன்.

வேறு ஆள் வேண்டும். ஷெட்டில் கேட்ட மாத்திரத்தில் பத்துப் பேர் முன்னால் வந்தார்கள். ஆனால் தோல் கொடுத்தவன் புண் ஆறும்வரை சுண்ணாம்பில் நிற்க முடியாது. அவர்களுக்கு லீவு கேட்க நான் முதலாளி அறைக்குப் போனேன். பதமான தோல் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் தம்பி தோல் ஒட்டிச்சில்ல? அதையே மறுபடி எடுக்கச் சொல்லு. ஒரு தடவை சுண்ணாம்பு கண்ட தோல் ரெண்டாம் தடவை சீக்கிரம் இளகும். தோலைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?”

“அது செத்த மாடு முதலாளி. இது உசுருள்ள மனுசன்.”

“தோல் தோல்தான். ஆளாளுக்கு லீவு குடுத்தா தொட்டியில யார் நிப்பா? போறவன் போகட்டும், திரும்பி வரவேண்டாம்.”

அவரை மட்டும் குறை சொல்வானேன், எங்களுக்கும் அந்தக் கணக்கு நியாயமாகத்தான் பட்டது. தோலோடு புழங்கிப் புழங்கி வந்த புத்தி. ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னபோது டாக்டரம்மாவுக்கு மட்டும் முகம் மாறியது. “அதே ஆளா? வேணாம். இவர் உடம்பு அவரை ஞாபகம் வச்சிருக்கும். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் தள்ளும்” என்றார். வேறு யாரும் வர முடியாது என்று சொன்னேன். ஒன்றுமே இல்லாததற்கு நாலு நாள் மூடினாலும் லாபம் என்று அரைமனதாகச் சம்மதித்தார்.

கொழுந்தன் மறு தொடையைக் கொடுத்தான். “பழகின தோல் அண்ணி. அண்ணன் உடம்பு இதை வாசல்ல நிறுத்தாது” என்று சிரித்தான்.

அந்தத் தோல் நிறம் திரும்பவே இல்லை. வெள்ளையாகக் கிடந்து, கறுத்து, ஒரு வாரம்கூடத் தாங்காமல் உரிந்தது. இரண்டு தொடையிலும் கட்டோடு நொண்டி வந்த கொழுந்தன் தட்டில் கிடந்ததைப் பார்த்தான். “இதுவா என்னோடது?” என்று கேட்டான். கட்டிலில் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. மைனா பேசாமல் கிடந்தார்.

“இன்னும் ரெண்டு மூணு தடவை மூடினா போதும். அதுக்குள்ள அவர் தொடை ஆறிடும், அவர் தோலையே வச்சுத் தச்சிடுவேன். அது தங்கும். மூடலைன்னா இந்த வாரம் தாண்டாது” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் விடியலில் ஷெட்டில் நின்று அதை அப்படியே சொன்னேன். அழவில்லை. உப்புக் கிடங்கில் தோலுக்கு உப்பு வாரிப் போடுகிறவள் ஒருத்தி உண்டு. உப்புக்காரி என்போம். குழாயடியில் குடம் இடித்த சண்டையில் அவளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் வருசக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டவள் அவள்தான். பிறகு ஒருவரும் கொக்கியைத் தொடவில்லை.

முதலாளி செருப்பு சப்திக்க வந்தார். “என்ன இது? நாமெல்லாம் ஒரே குடும்பம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

“குடும்பம்னா நீங்களும் தொடையில ஒரு சாண் குடுங்க” என்றாள் உப்புக்காரி.

அவர் கை தன்னால் தொடைக்குப் போனது. யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டார்கள்.

“தொட்டியில ஊறுற சரக்கு அழுகிடும்.”

“அழுகட்டும். அங்க ஒருத்தர் கட்டில்ல அழுகுறாரு” என்றேன். “தோல் குடுக்கிறவங்களுக்கு லீவும் வேணும், வேலையும் வேணும். புது வால்வு மாட்டாம ஒருத்தரும் உள்ள கால் வைக்க மாட்டோம்.”

“வெளிய போனீங்கன்னா கேட்டைப் பூட்டிடுவேன்.”

வெளியே போனோம். பூட்டினார். வீட்டு வாடகை, அடுப்பு, பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பயம் இருந்தது, இல்லையென்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள், சுண்ணாம்பு காயாத கால்களோடு. தாழ்வாரமெல்லாம் வெள்ளைத் தடம். துடைக்கிற அம்மாள் திட்டிக்கொண்டே வழிவிட்டாள்.

டாக்டரம்மா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். “தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா? யார் குடுத்தாலும் நிலைக்காது. ஒவ்வொண்ணா தள்ளிடும்.”

“தள்ளிட்டுப் போகட்டும்” என்றாள் உப்புக்காரி. “நான் என்ன அங்கயே குடித்தனம் பண்ணவா போறேன்?”

ரத்தம் சோதித்து அவளைத்தான் முதலில் கூட்டிப்போனார்கள்.

இரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. ஆலை கேட் இன்னும் பூட்டியே கிடந்தது. கட்டுக்கு மேலே குனிந்து பார்க்க முயன்றார், முடியவில்லை.

“இந்தத் தடவை யாருதுடி?”

“உப்புக்காரியோடது.”

சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு வலித்திருக்க வேண்டும். “அவளா? என் உடம்பு மூணே நாள்ல விரட்டிடும், பாரு.”

“விரட்டட்டும்” என்றேன். “வெளிய அடுத்த ஆள் நிக்குது.”