ரெண்டாவது டப்பா

தூங்கிட்டியாடி? பரவால்ல, காலைல படி. படிச்சுட்டு உடனே அழிச்சிடு. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.

சமையல்கட்டுத் தரையில உக்காந்திருக்கேன். எதிர்ல வாஷிங் மெஷின் சுத்துது. உள்ள அக்கா குழந்தையோட ஆஸ்பத்திரித் துணி. இன்னும் நாப்பது நிமிஷம்னு காட்டுது. அது நிக்கறதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வரணும்.

எங்க அக்கா பையனுக்கு வீட்ல 'முதலாளி'ன்னு பேரு. ஒம்பது மாசம்தான் ஆகுது. மாமா வெச்ச பேரு அது. எத்தனை மணிக்குக் குரல் குடுத்தாலும் எல்லாரும் ஓடி வரணும், லீவு கேக்கக் கூடாதுன்னு.

அக்கா வேலைதான் உனக்குத் தெரியுமே. ஃப்ரிட்ஜ் ஓடலைன்னு ஜனங்க ஃபோன் பண்ணித் திட்டுவாங்கல்ல, அதை வீட்ல இருந்தே வாங்கிக்கற வேலை. காதுல ஹெட்செட், இடுப்புல முதலாளி, துணிக்கூடைய காலாலேயே தள்ளிட்டு நடப்பா. மியூட்ல போட்டுட்டு "ஏய், அந்தத் துணிய உதறிப் போடுடி சோம்பேறி"ன்னு கத்துவா, அடுத்த நொடியே தேன் ஒழுக "சொல்லுங்க மேடம்"பா. மாமா "என் யூனிஃபார்ம் எங்கம்மா?"ன்னு கேட்டாகூட அதே குரல்ல, "உங்க புகார் பதிவாயிடுச்சு சார், இருபத்தினாலு மணி நேரத்துல சரி பண்ணிடுவோம்"னு சொல்லுவா. மாமா பஸ் டெப்போல நைட் ஷிப்ட் மெக்கானிக். அவரோட கிரீஸ் துணி தனி லோடு. முதலாளி கக்கின துணி தனி லோடு. எங்க வீட்டு சோபால மனுஷங்க உக்காந்து மாசக்கணக்காச்சு, அது துணிக்குன்னே ஆயிடுச்சு.

முந்தாநாள் காலைல ஸ்கூலுக்குக் கிளம்பற அவசரத்துல மெஷின்ல துணி போட்டேன். சோப்புத்தூள் பாக்கெட் அடியில கிழிஞ்சு தரையெல்லாம் கொட்டிடுச்சு. முதலாளி அதைப் பாத்துட்டு தவழ்ந்து வரான். தொட்டு நக்கிடுவானேன்னு பதறிப் போய் அவனைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுட்டு, தரையத் துடைச்சேன். பாக்கெட்ல மிச்சமிருந்த தூளை ஒரு காலி டப்பால கொட்டி இறுக்கி மூடி, மெஷினுக்கு மேல இருக்கற ஷெல்ஃப்ல வெச்சேன்.

அது அவனோட பால் பவுடர் டப்பாடி. தீந்து போன டப்பா. அதே மூடி, அதே படம். உள்ள இருந்த ஸ்பூனைக்கூட எடுக்கல, துணிக்கு அளந்து போட வசதியா இருக்கும்னு நெனச்சேன். பால் டப்பாவும் அதே ஷெல்ஃப்லதான் இருக்கும்.

பேர் எழுதி ஒட்டணும்னு தோணுச்சு, சத்தியமா தோணுச்சு. டேப் அக்கா ரூம்ல இருந்துச்சு, அவ ஃபோன்ல யார்கிட்டயோ மன்னிப்பு கேட்டுட்டிருந்தா. கதவத் திறந்தா முறைப்பா. சாயங்காலம் ஒட்டிக்கலாம்னு ஓடிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறப்பவே முதலாளி இருமற சத்தம். அக்கா ஹெட்செட்டோட நின்னுட்டு பால் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டிருக்கா. பாட்டில் கழுத்து வரைக்கும் நுரை. அடங்கவே இல்ல. துணி அலசற வாசனை.

"அடம் பிடிக்கறான்னு நெனச்சேன்டி"ன்னா. "துப்பத் துப்ப திரும்பவும் வாய்ல வெச்சேன்டி."

ஹெட்செட்ல யாரோ "ஹலோ, ஹலோ"ன்னு கத்திட்டே இருந்தாங்க.

ஆஸ்பத்திரில டாக்டர், பிழைச்சுக்குவான், நிறைய உள்ள போகல, தொண்டைதான் புண்ணாயிருக்குன்னு சொன்னார். அப்புறம், "சோப்புத்தூளை அந்த டப்பால யார் போட்டது?"ன்னு கேட்டார்.

அக்கா யோசிக்கக்கூட இல்ல. "நானாத்தான் இருக்கும் டாக்டர். எனக்கு ஞாபகமே இல்ல. இப்பல்லாம் எதுவுமே ஞாபகம் இருக்கறதில்ல."

அவ சொன்னதை எல்லாரும் நம்பினாங்க. போன வாரம்தான் அவ ஃபோனைத் துணியோட சேத்து மெஷின்ல போட்டா, மாமாவோட சாக்ஸை ஃப்ரிட்ஜ்ல வெச்சா. நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

நான் பக்கத்துலதான் நின்னேன், பையைக் கட்டிப் பிடிச்சுட்டு. வாயத் திறக்கவே இல்ல.

மாமா திட்டியிருந்தாகூட நல்லாயிருந்திருக்கும். வெளிய வந்ததும் அக்கா தோள்ல கை வெச்சு, "போதும்மா, வேலைய விட்டுடு"ன்னு மெதுவா சொன்னார். அவ தலையாட்டிட்டா. அந்த வேலைக்காக ரெண்டு வருஷம் அலைஞ்சவடி அவ. போன மாசம்தான் டீம் லீடர் ஆக்கினாங்க. லெட்டர் அடிச்சு வெச்சுட்டா, காலைல ஒம்பது மணிக்கு அனுப்பப் போறா.

அதைவிடக் கொடுமை, நேத்துல இருந்து அவ பாலே கலக்கறதில்ல. என்னைக் கூப்பிட்டு, "நீ மோந்து பாத்துட்டுக் கலக்குடி, என்னை நம்பாத"ங்கறா. என்கிட்ட!

சொன்னா மாமா என்னை ஊருக்கு அனுப்பிடுவார். அம்மா இருக்கற இடத்துல ப்ளஸ் டூ கிடையாது, என் படிப்பு அவ்வளவுதான். சொல்லலைன்னா அக்கா தனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னே நெனச்சு வாழ்வா. முதலாளி வேற அழறப்பல்லாம் கம்மின குரல்ல, யாரோ கிழவர் மாதிரி அழறான்.

மெஷின் நின்னுடுச்சு. இரு, வரேன்.

...

வந்துட்டேன். சொல்லிட்டேன்.

அக்கா சோபாவுக்குக் கீழ தரையில உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தா. லேப்டாப் பக்கத்துல திறந்திருந்துச்சு.

"அக்கா, டப்பால சோப்புத்தூளைப் போட்டது நான்தான்."

கை அப்படியே நின்னுடுச்சு. "எப்ப?"

"முந்தாநாள் காலைல. பாக்கெட் கிழிஞ்சு கொட்டிடுச்சு..."

"அப்ப நான் போடலையா?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் அதைத் தொடவே இல்லையா?"

"நீ ஃபோன்ல இருந்தே."

முதலாளியோட துண்டை எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. தோள் குலுங்குச்சு. துண்டுக்குள்ள இருந்தே பேசினா. "ரெண்டு நாளா என் கையையே பாத்துட்டிருக்கேன்டி. இது இன்னும் என்னென்ன பண்ணப் போகுதோன்னு."

அப்புறம் துண்டை இறக்கி என்னைப் பாத்தா. "ஆஸ்பத்திரில பக்கத்துலதானேடி நின்னே?"

நான் கீழ கிடந்த ஒரு துணியை எடுத்து மடிச்சேன். அவ திரும்பக் கேக்கல. அடிச்சிருக்கலாம்.

லேப்டாப்ப மூடினா. லெட்டரை அழிச்சாளான்னு தெரியல.

"மாமா ஆறு மணிக்கு வருவார். நீயே சொல்லு. உனக்காக நான் பேச மாட்டேன்."

"என்னை அனுப்பிடுவாரா?"

"தெரியல"ன்னா. சும்மா சமாதானத்துக்குக்கூட அனுப்ப மாட்டார்னு சொல்லல.

அப்ப முதலாளி முழிச்சுட்டான், அதே கிழவர் குரல். நான் எந்திரிச்சேன். "நீ உக்காரு"ன்னுட்டு அவளே போனா. டப்பா திறக்கற சத்தம் கேட்டுச்சு. அவளே மோந்து பாத்து, அவளே கலக்கினா. என்னைக் கூப்பிடல.

மணி நாலே முக்கால். சோபால இருந்து மாமாவோட யூனிஃபார்மை எடுத்து மடியில வெச்சிருக்கேன். மடிக்கறேன், பிரிக்கறேன், திரும்ப மடிக்கறேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு மட்டும் தெரியலடி.