முதுகில் எழுதிய எண்கள்

இந்துவுக்கு ஏழு வயது. எடை பதின்மூன்று கிலோ. எதைத் தின்றாலும் தொண்டையில் அடைத்துக்கொண்டு வாந்தி. எந்தச் சாப்பாடு ஆகவில்லை என்று தெரியாததால், மூன்று மாதமாக அரிசிக் கஞ்சியும் உப்பும்தான். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அவள் அம்மா வள்ளி எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். பெற்றவளால் வேறென்ன செய்ய முடியும்?

பெங்களூரு ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை குழந்தையின் முதுகில் பன்னிரண்டு உணவுகளைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து ஒட்டினார்கள். பால், முட்டை, கோதுமை, ராகி, வேர்க்கடலை என்று வரிசை. புதன்கிழமை பிரித்தபோது ஒன்றும் தடிக்கவில்லை.

"சில பேருக்கு லேட்டாத்தான் வரும். வெள்ளிக்கிழமை பார்த்தா தெரிஞ்சுடும்" என்ற டாக்டரம்மா, ஒவ்வொரு இடத்திலும் நீலப் பேனாவால் ஓர் எண் போட்டார். "அதுவரைக்கும் முதுகுல தண்ணி படக்கூடாது."

வள்ளியா படவிடுவாள்? தங்கள் ஊரான கோரமண்டலுக்குத் திரும்பும் ரயிலில் கூட்டம் நசுக்கியபோது இரண்டு கையையும் பிள்ளையின் முதுகுக்கு வேலியாக வைத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை எதிர்வீட்டுச் சின்னசாமி போய்விட்டார். பென்ஷன்காரர், நல்ல மனுஷன். சாகிற நாளைத்தான் பார்த்துச் சாகத் தெரியவில்லை. வள்ளி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தாள். பிணத்தை எடுத்ததும், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீட்டுப் பெண்களெல்லாம் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். வள்ளியும் ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டுக்குப் போன பிள்ளையைத் தீட்டோடு உள்ளே விடலாமா? சட்டையைக் கழற்றி, நாலு சொம்பு ஊற்றி, சோப்பும் போட்டாள். கை தன்பாட்டுக்குச் செய்தது. மனசு சின்னசாமியின் பெண்டாட்டியிடம் இருந்தது.

நுரை நீலமாக வழிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, இன்னா பண்ணிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாவு வீட்டு அழுகையே ஒரு நிமிஷம் நின்றது.

வெள்ளிக்கிழமை முதுகில் எங்கெங்கோ சிவந்து தடித்திருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய இடமெல்லாம் வேறு சொறிந்து புண்ணாகிக் கிடந்தது. டாக்டரம்மா ஸ்கேலை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"போட்டோ எதுவும் எடுத்தீங்களாம்மா?"

வள்ளி இல்லையென்று தலையாட்டினாள்.

"பதில் இதுலதான் இருக்கு. ஆனா எது எந்த நம்பர்னு தெரியல. நான் குத்துமதிப்பா ஒண்ணு சொல்லி, ஆகாததையே நீங்க ஊட்டிட்டீங்கன்னா?" ஸ்கேலை மேசைமேல் வைத்தார். "புண்ணு ஆறட்டும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஒட்டலாம். அதுவரைக்கும் கஞ்சிதான்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எட்டியதைத் தட்டிவிட்டது வள்ளியின் சொந்தக் கை. டாக்டரம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை.

திரும்பி வரும் ரயிலில், பங்காருபேட்டையில் வடைக்காரன் ஏறினான். இந்து அந்தப் பக்கம் பார்க்காமல் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா."

"இன்னாடி கண்ணு?"

"மூணு மாசம் கழிச்சு ஒட்டறப்ப நம்ம லைன்ல யாருமே சாவக்கூடாது, இல்லம்மா?"

வள்ளி பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இரண்டே விரல் அதைச் சுற்றி வந்து, மீதி இருந்தது.

"சாவக்கூடாதுடி" என்றாள். அதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.