கரிசலின் முதல் கம்ப்யூட்டர்

கல்லூரிக்கு வெள்ளி விழா. தாளாளர் நல்லமுத்து ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, 'கரிசல் மண்ணின் முதல் கம்ப்யூட்டர்' என்று பித்தளைத் தகடு அடித்துவிட்டார். ஏதோ மில் ஏலத்தில் எடைக்கு எடுத்தது என்று அருப்புக்கோட்டையில் பலருக்குத் தெரியும். தகடு அடித்த பிறகு தெரிந்ததெல்லாம் செல்லாது. ஒரே குறை, பொத்தானை அமுக்கினால் அது மூச்சுவிடவில்லை.

மெக்கானிக் இன்பராஜைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"விழாவுக்கு மாஜி துணைவேந்தர் வாராரு. அவரு அமுக்கும்போது எரியணும் தம்பி. எரிஞ்சா, காலேஜுல இருக்க நூத்திருவது கம்ப்யூட்டர் ரிப்பேரும் இனி ஒன் கையிலதான்," என்றார் நல்லமுத்து.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்பராஜ் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடைக்கு இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டத்தான் ஆள் வருகிறது. அந்த வாக்கை அவன் இறுகப் பிடித்துக்கொண்டான்.

திறந்து பார்த்தால் பவர் சப்ளை போயிருந்தது. கெப்பாசிட்டர்கள் தலை வீங்கிக் கிடந்தன. அந்தக் காலத்து மாடலுக்கு எங்கே போக? காரியாபட்டிப் பழைய இரும்புக் கடையில் இரண்டு நாள் புரண்டு ஒன்றைக் கண்டெடுத்தான். தூசி ஊதி, பல்பு கட்டிச் சோதித்து, போர்டுக்குப் போகும் இரண்டு பிளக்கையும் கறுப்பு வயர்கள் நடுவில் சேரும்படி செருகினான். மாற்றிச் செருகினால் போர்டே கருகிவிடும். பின்பக்கச் சிவப்புச் சுவிட்சை நம்மூர்க் கரண்டுக்கு உரிய 230-இல் நிறுத்தினான். அமுக்கியதும் திரையில் பச்சை எழுத்துகள் ஓடின.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் நல்லமுத்து. என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

விழாவில் மாஜி துணைவேந்தர் பொத்தானை அமுக்கினார். 'டப்' என்றொரு சத்தம். கூண்டு முழுக்கப் புகை. இன்பராஜ் ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தான். சுவிட்ச் 115-இல் நின்றது. அதன்மேல் ஈரம் காயாத சந்தனப் பொட்டு.

"யாரு சார் இதத் தள்ளுனது?"

மேலாளர் பாண்டீஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "தாளாளர் அண்ணாச்சிதான் தள்ளச் சொன்னாக. இருநூத்து முப்பதக் கூட்டுனா அஞ்சு வருதாம், நூத்திப் பதினஞ்சக் கூட்டுனா ஏழாம். அவுகளுக்கு ஏழுதான் ராசி. காரு, பஸ்ஸு, போனு எல்லாம் ஏழுதான."

"என்னப்பா ஆச்சு?" என்றார் நல்லமுத்து மேடையிலிருந்து, மைக்கிலேயே. ஐந்நூறு தலைகள் திரும்பின. இன்பராஜ் நூற்றிருபது கம்ப்யூட்டரை நினைத்தான்.

"என் தப்புதான் அண்ணாச்சி. சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

"மன்னிக்கிறதுதான்யா உண்மையான கல்வி!" என்றார் நல்லமுத்து. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மாஜி துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் காரணம்; மறுநாள் பேப்பரில் நெகிழ்ச்சி என்று போட்டார்கள்.

அதே பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்பராஜ் கல்லூரிக்குப் போனான்.

"அந்த வேலைய மதுரைக் கம்பெனிக்குக் குடுத்தாச்சேப்பா," என்றார் பாண்டீஸ்வரன்.

"சார், நடந்தது ஒங்களுக்குத் தெரியாதா? அவுக மானத்தக் காப்பாத்தத்தான அப்படிச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனா ஊரு முன்னாடி தப்புப் பண்ணேன்னு ஒத்துக்கிட்டவன்ட்ட, பிள்ளைக படிக்கிற மிசின எப்படிக் குடுக்க? நீ வந்து கேட்டா விழா வீடியோவப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்காக. பாக்குறியா?"