இன்னொரு தடவை திட்டு

ஜப்பானின் தொயாமாவில் எங்கள் மொழிப்பள்ளி விடுதியின் மாடியில், எனக்கும் என் அறைத்தோழி ரேணுவுக்கும் அடுத்த அறையில் தின்ஸாரும் நோமினும் இருந்தார்கள். தின்ஸார் பர்மாவின் கடலோர ஊரான மோலமைனிலிருந்து வந்தவள். நோமின் மங்கோலியாக்காரி, அவள் ஊரில் குளிர்காலத்தில் ஆட்டின் மூச்சே அதன் முகத்தில் உறைந்து நிற்குமாம். ஏப்ரலில் தின்ஸார் வந்திறங்கியபோது, மலையில் இன்னும் பனி கரையவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. நோமினோ அரைக்கைச் சட்டையோடு சன்னலை அகலத் திறந்துபோட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் இருவரையும் ஒரே அறையில் போட்ட புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

சண்டை வராமல் இருக்குமா? ஆனால் இருவருக்கும் பொதுவான மொழி ஜப்பானியம் மட்டும்தான். அதுவும் பாடப்புத்தக ஜப்பானியம். எதிரே நிற்பவர் யாரானாலும் பெயரோடு மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்துப் பணிவாகப் பேசத்தான் அந்தப் புத்தகம் சொல்லித்தந்திருந்தது. திட்டுவதற்கு அதில் பாடமே கிடையாது. அதனால் சுவருக்கு அப்பாலிருந்து எங்களுக்குக் கேட்ட சண்டைகள் இப்படி இருக்கும்:

"நோமின் சான், தயவுசெஞ்சு சன்னலைச் சாத்துவீங்களா? நான் செத்துப் போயிடுவேங்க."

"ரொம்ப மன்னிக்கணும், தின்ஸார் சான். சாத்தினா நான் வெந்து போயிடுவேங்க."

"அப்போ, சிரமத்துக்கு மன்னிக்கணும், நீங்க வெளியில நின்னு படிக்கலாமே?"

"நல்ல யோசனைங்க. ஆனா எனக்குப் பிடிக்கலைங்க."

நேபாளத்திலிருந்து வந்திருந்த நாங்கள் இருவரும் வாயில் தலையணையை அடைத்துக்கொண்டு சிரிப்போம்.

நோமின் தின்ஸாருக்கு ஒரு வருடம் முன்பே வந்தவள். அதுவரை ஆளில்லாத ஓட்டல் அறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கோடையில் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் பகுதிநேர வேலை கிடைத்தது. ஓடும் பட்டையின் இருபுறமும் உள்ளூர்ப் பெண்கள் நின்று, சோற்றின்மேல் மீனையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவார்கள். இலை பழுக்கும் காலம் வருவதற்குள் நோமின் அவர்கள் பேச்சை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏ புள்ள, சாப்ட்டியா?" என்று கேட்டபடியே அறைக்குள் நுழைவாள்.

"நோமின் சான், அப்படிப் பேசறது மரியாதை இல்லீங்க."

"மரியாதையா? அதை வாசல்லயே செருப்போட கழட்டி வுடு. இது நம்ம ரூமு. எங்க, ஒரே ஒரு தடவை என்னை நீன்னு கூப்புடு பாப்போம்."

"மன்னிக்கணும். நீங்க என்னைவிட மூத்தவங்க. எனக்கு வராதுங்க."

தின்ஸார் ஊரிலேயே இரண்டு வருடம் ஜப்பானியம் படித்துவிட்டு வந்தவள். விடுதியில் யாருக்கு இலக்கணத்தில் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் போவோம். அவளுக்குச் சத்துணவியல் படிக்க ஆசை. நோமினுக்குக் கார் பழுதுபார்க்கப் படிக்க வேண்டும். எதில் சேர்வதானாலும் ஜப்பானிய மொழித் தேர்வில் இரண்டாம் நிலை தேறியாக வேண்டும். டிசம்பரில் இருவரும் எழுதினார்கள். தின்ஸார் தேறுவாள், நோமின் பாவம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஜனவரியில் முடிவு வந்த அன்று நல்ல பனி. தின்ஸார் கைபேசியில் பார்த்தாள். வாசிப்பில் அள்ளியிருந்தாள். ஆனால் காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் எடுக்கவேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்கூட வரவில்லை. அது ஒன்று போனால் மொத்தமும் போனதுதான். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்த நோமின் ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"தேறலைங்க. நீங்க?"

நோமின் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். "எனக்கும் ஊத்திக்கிச்சு."

"எதுலங்க?"

"வாசிப்புலதான். அந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்கு ஆட்டு மந்தை ஓடுற மாதிரி இருக்கு. எண்ணுறதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு."

தின்ஸாருக்குச் சிரிப்பு வந்தது. சூடான சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றி இருவரும் சாப்பிட்டார்கள். தான் தனியாகத் தோற்கவில்லை என்பதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்ததாகவும், அந்த நிம்மதியை நினைத்து அன்று தூக்கம் வராமல் கூசிப்போனதாகவும் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

இரண்டொரு நாள் கழித்து, பள்ளித் தாழ்வாரத்தில் ஹொரிகோஷி ஆசிரியை நோமினைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டே வந்தார். "நோமின், வாழ்த்துகள்! இனி நகோயாவுல அந்தக் கார் பழுதுபார்க்கிற பள்ளிக்கு விண்ணப்பம் போட்டுடலாம்." பக்கத்திலேயே தேநீர் டப்பாவோடு தின்ஸார் நின்றிருந்தாள். நோமின் தரையைப் பார்த்தாள். தின்ஸார் குடையைக்கூட எடுக்காமல் மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்த தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். அவள் பின்னாலேயே நோமின் ஓடினாள். நாங்களும் போனோம், சற்றுத் தள்ளித்தான்.

விடுதியில் எங்கள் அறைக்குள் நுழையும்போதே பக்கத்து அறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அடுத்து, அந்தச் சுவருக்கு அப்பால் அதுவரை நாங்கள் கேட்டறியாத ஒரு குரல்.

"நீ பொய் சொன்ன! முட்டாள்! என்னைப் பார்த்தா பாவமா இருந்துச்சா? உன் இரக்கம் எனக்கு வேணாம், போ!"

ரேணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நோமின் மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப என்ன சொன்ன?"

"முட்டாள்னு சொன்னேன்."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி."

"நீன்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை திட்டு."

"வேற வார்த்தை தெரியல!" என்று சொல்லி தின்ஸார் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத புள்ள. தொழிற்சாலையில நல்ல நல்ல வார்த்தையா கத்து வச்சிருக்கேன், எல்லாத்தையும் உனக்குத் தரேன். உன் எதிர்ல உக்காந்துக்கிட்டு நான் பாஸுன்னு எப்படிடி சொல்லுவேன்? எனக்கு வழி தெரியல."

"பாஸான அன்னைக்கு உனக்காகச் சந்தோஷப்பட ஒரு ஆள்கூட இல்லாம பண்ணிட்டியே. உங்க அம்மாகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. ஃபோன்ல பேசினா உனக்குக் கேட்டுடும்."

"உங்க பாஷை எனக்கு எங்க புரியும்?"

"சிரிப்பு புரியுமில்ல."

அன்று மாலையே நோமின் அம்மாவை அழைத்தாள். அந்த அம்மாள் போட்ட கூச்சல் எங்கள் அறைவரை கேட்டது. அதற்கு மேலாகத் தின்ஸாரும் பர்மிய மொழியில் ஏதோ கத்தினாள். ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் புரியாமல் இருவரும் கொண்டாடினார்கள்.

பரீட்சையைப் பற்றி நோமினுக்கு ஒரு கருத்து இருந்தது. "உன் மூளையில கோளாறு இல்ல, காதுக்குத்தான் பழக்கம் இல்ல. புத்தகத்துல ஒருத்தர் பேசி முடிச்சப்புறம்தான் அடுத்தவர் வாயைத் தொறக்கறாரு. ஊர்ல யாரு அப்படிப் பேசறா?" மார்ச் கடைசியில் நகோயாவுக்குக் கிளம்பும் முன், தொழிற்சாலைப் பெண்களிடம் தின்ஸாரைக் கூட்டிப்போய், "என் தங்கச்சி. ரொம்பப் பணிவா பேசும், பயந்துடாதீங்க" என்று சொல்லித் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனாள்.

முதல் வாரங்களில் தின்ஸாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இயந்திரம் இரைகிறது. எல்லோரும் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருப்பதால் உதடும் தெரியாது. திடீரென்று பட்டையின் இருபுறமும் சிரிப்பு எழும், அவள் தலைக்கு மேலே போகும், அடங்கும். அவள் பாட்டுக்கு மீன் துண்டுகளை வைத்துக்கொண்டிருப்பாள். அழுகை வந்தால் கவசத்துக்குள்ளேயே அழுதுவிட்டு வருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். நோமின் இல்லாத அறையில் சன்னல் எப்போதும் சாத்தியே கிடந்தது. அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

ஜூலையில் மறுபடி தேர்வு எழுதினாள். ஆகஸ்டு கடைசியில் வந்த முடிவில் தேறியும்விட்டாள். ஆனால் அவள் எங்கள் கதவை இடித்துத் திறந்துகொண்டு ஓடிவந்தது அன்றைக்கு அல்ல. அதற்கு முன்னால் ஒரு நாள்.

புழுக்கம் தாங்காத நாளாம் அது. இயந்திரம் பழசாகிவிட்டதால் இன்று மெதுவாகத்தான் ஓடும் என்று மேற்பார்வையாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எதிர்வரிசையில் நின்ற கித்தாமுரா அம்மாள் தலையை நிமிர்த்தாமல், "அதுக்கும் என் வயசுதான். அதுக்கு மட்டும் மூட்டுக்கு எண்ணெய் போடறாங்க" என்றார். தின்ஸார் சிரித்தாள். யாரும் சிரிப்பதற்கு முன்னாலேயே, கையிலிருந்த மீன் நழுவிப் பட்டையில் விழுமளவுக்குச் சிரித்தாள். ஒரு கணம் வரிசை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

எங்கள் அறையில் நின்றபடியே நோமினைக் கைபேசியில் அழைத்து, மூச்சு வாங்க அந்த நகைச்சுவையைச் சொன்னாள். அந்தப் பக்கம் நோமின் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அட, அந்தம்மா போன கோடையிலயே இதைச் சொன்னாங்களே. வருஷா வருஷம் இதையேதான் சொல்றாங்களாம்."

"சொன்னா சொல்லட்டும்," என்றாள் தின்ஸார். "எனக்கு இன்னைக்குத்தானே கேட்டுச்சு!"