அடைச்சிருக்கா பாரு

போல்ட் எரியவில்லை. வேனில் எரியக்கூடியது எல்லாம் எரிந்திருந்தது. சீட்டு, வயர், டாஷ்போர்டு, பின்னால் கிடந்த இருபத்திரண்டு மூட்டை படுக்கை விரிப்பு. எஞ்சினில் ரப்பர் குழாய் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வழிசல்தான் மிச்சம். அதற்குள் விரலை விட்டுத் துழாவியபோது போல்ட் தட்டுப்பட்டது. அதன் கழுத்தில் கம்பியை இரண்டு சுற்று சுற்றி, முறுக்கி, முனையை உள்பக்கமாக மடக்கியிருந்தது. முனையை உள்ளே மடக்குவது என் பழக்கம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்து கை வைக்கிறவனைக் கிழிக்கும். இந்த ஊரில் வேறு எந்த மெக்கானிக்கும் அதற்கு மெனக்கெடுவதில்லை.

"என்ன கிடைச்சுது?" என்றார் லாண்டரி முதலாளி. ஐந்தடி தள்ளி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னும் பாக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போல்ட்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருஷத் தொழிலில் ஒரு வண்டியிலிருந்து எடுத்த பொருளை உடையவரிடம் காட்டாமல் நான் பைக்குள் போட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வேனை ஓட்டியவன் என் தங்கச்சி புருஷன். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை அள்ளி வந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுப்பது வேலை. என்னைவிட ஆறு வயது இளையவன், அதனால் மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் இல்லாமல் வா, போ என்றுதான் அவனிடம் பேசுவேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வேன் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், பின்னால் நீலப் புகை. முதலாளி வழக்கமாகக் காட்டும் ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். எஞ்சினை இறக்குவதானால் வண்டியையே தள்ளிவிட்டு வாடகை வண்டி வைத்துக்கொள்வேன் என்றார் முதலாளி. வாடகை வண்டி அதன் டிரைவரோடுதான் வரும். மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு வயது, வலது கண்ணில் பார்வை மங்கல். இந்த வேலையை விட்டால் வேறு எவரும் அவன் கையில் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் என்னைக் கூப்பிட்டான். எடுத்ததும் எஞ்சினை இறக்குகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது என் கட்சி. எஞ்சினும் மூச்சு விட வேண்டும். உள்ளே சேரும் ஆவி வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு, அதன் அடியில் ஆவியை விட்டு எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு சின்ன வலை. அந்த வலையில் பிசுக்கு ஏறி அடைத்துக்கொண்டால் ஆவி எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், எஞ்சின் தன் எண்ணெயைத் தானே எரிக்கும். பிசுக்கை எடுத்துவிட்டால் பாதி வண்டிகள் குடியை விட்டுவிடும். நேரில் வரச் சொல்லியிருக்கலாம். தலைக்கு மேல் வேலை என்று போனிலேயே வைத்தியம் பார்த்தேன்.

அப்போது நான் போனைக் காதோரம் தரையில் வைத்துவிட்டு ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். வாயில் இரண்டு ஸ்க்ரூ. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ஸ்க்ரூவை உதட்டில் இடுக்கிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம், பேச்சு பாதி மூக்கில் போகும். பக்கத்துக் கடையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"குழாயக் கழட்டிட்டேன் மச்சான். எண்ணெய் சொட்டுது" என்றான்.

"அடைச்சிருக்கா பாரு."

"என்னது?"

"அடைச்சிருக்கா பாரு" என்றேன் மறுபடி. அப்படித்தான் சொன்னதாக நான் நினைக்கிறேன். தன் காதில் விழுந்தது 'அடைச்சிரு, பாரு' என்று தீப்பிடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான். நடுவில் ஒரு 'க்கா'தான் வித்தியாசம். அந்த 'க்கா' என் வாயிலிருந்த ஸ்க்ரூவில் மாட்டியதா, இரும்பு அறுக்கும் சத்தத்தில் போனதா, அல்லது நான் சொல்லவே இல்லையா என்று பத்து நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லச் சொல்ல இரண்டும் ஒன்றாகிவிட்டது.

குழாயை அடை என்று எந்த மெக்கானிக்காவது சொல்வானா என்று அவன் ஏன் யோசிக்கவில்லை? யோசித்திருக்க மாட்டான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டிய ஒரு கிழட்டு லாரிக்கு, அவன் டார்ச் பிடித்து நிற்க, நானே அப்படி ஒரு குழாயில் போல்ட்டை அடித்துக் கம்பி சுற்றினேன். புகை நின்றது, லாரி பாஸாகியது, இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்குச் சாயங்காலமே அதைக் கழற்றிவிட்டேன். மூச்சு முட்டினால் எஞ்சின் எங்கேயாவது பிய்த்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். கழற்றியதை அவன் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதைக்கூட மன்னித்துக்கொள்வேன். மறுநாள் அவன் திரும்பக் கூப்பிட்டான். "மச்சான், புகை சுத்தமா நின்னுபோச்சு. நீங்க கைராசிக்காரர்." அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். பிசுக்கை எடுத்தவுடன் புகை அப்படி ஒரேயடியாக நிற்காது, குழாயில் தேங்கிய எண்ணெய் எரிந்து தீர இரண்டு நாளாவது ஆகும். எனக்குத் தெரியாததா? என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைராசிக்காரர் என்ற சொல்லிலேயே குளிர்ந்துபோய், "நான்தான் சொன்னேன்ல" என்று போனை வைத்தேன்.

நான்காம் நாள் மேம்பாலம் ஏறும்போது, மூச்சு முட்டிக்கொண்டிருந்த எஞ்சின் எண்ணெய் அளக்கும் குச்சியைத் துப்பியது. எண்ணெய் பீய்ச்சிக் கொதிக்கும் சைலன்சர் குழாயில் விழுந்தது. அவன் இறங்கி ஓடியிருக்கலாம். முதலாளி கணக்குச் சொல்ல வேண்டிய துணியாயிற்றே என்று பின்கதவைத் திறந்து மூட்டைகளை இழுத்திருக்கிறான். எட்டாவது மூட்டையில் தீ அவனைப் பிடித்தது.

வேனைப் பார்த்த கையோடு முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் கூட வந்தேன். மாப்பிள்ளையின் இரண்டு கையும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன. படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் லாண்டரியின் சிவப்பு நூல் குறி. தங்கச்சி ஸ்டூலில் இருந்து எழுந்து சுவரோரம் நின்றாள்.

"ஒர்க்‌ஷாப்புல, யாரோ குழாய அடைச்சிருக்கணும்ங்கிறாங்க" என்றார் முதலாளி. "உன் மச்சான் ஏதாவது செய்யச் சொன்னாரா? மறைக்காம சொல்லுப்பா. நீயா செஞ்சிருந்தா இனிமே உனக்கு நான் பொறுப்பில்ல."

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மச்சானுக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். புகை நிக்கட்டும்னு நானாத்தான் அடைச்சேன்."

வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. இந்த முறை வாயில் ஸ்க்ரூவும் இல்லை. முதலாளி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கணக்குத் தீர்க்க ஆள் அனுப்பறேன்" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கட்டிலுக்கு அருகில் போனேன். அவனே பேசினான், மெதுவாக, உதடு வெடித்திருந்ததால் ஒவ்வொரு சொல்லாக.

"போல்ட்ட எடுத்துட்டீங்களா மச்சான்?"

தலையாட்டினேன்.

"கம்பி கையக் கிழிக்கலையே? முனைய உள்ளதான் மடக்கினேன்."

அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தங்கச்சி பின்னாலேயே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பத்து நாளில் அவள் முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

"அன்னைக்கு அவர் கையெல்லாம் எண்ணெயா இருந்துச்சுண்ணா" என்றாள். "போன நான்தான் பிடிச்சிருந்தேன். ஸ்பீக்கர்ல."

"என்ன கேட்டுச்சு உனக்கு?"

நான் எதைக் கேட்க ஆசைப்படுகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. 'க்கா' இருந்தது என்று அவள் சொல்லிவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். அவள் புருஷன் முட்டாளாகி, வேலையும் போய், அந்தக் கைகளோடு வீட்டுக்கு வருவான். இல்லை என்று சொன்னால் இந்த ஊரில் என்னிடம் இனி எவனும் வண்டியை விட மாட்டான். சின்ன வயதில் நான் உடைத்த பாத்திரத்துக்கெல்லாம் அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள். ஒருமுறைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

கீழே முதலாளி தன் காருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பையாகத் தட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு மாடிதான், படியில் இறங்கினால் பிடித்துவிடலாம்.

தங்கச்சி கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. பைக்குள் கை விட்டு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கம்பி சுற்றிய அந்தப் போல்ட்டைக் கட்டை விரலால் துடைத்தாள். கரி அவள் விரலுக்கு வந்தது, போல்ட்டிலிருந்து போகவில்லை. மடக்கியிருந்த முனையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு போல்ட்டோடு அதே கையை என் பக்கம் திரும்ப நீட்டினாள். கீழே கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.