சட்டுபுட்டு சாரின் அமிலம்

எப்பாக்சைடு என்பது மூன்றே அணு கொண்ட ஒரு குட்டி வளையம். காரம் போட்டுத் திறந்தால், கூடச் சேர்க்கிற மெத்தனால் நெரிசலில்லாத பக்கம் போய் ஒட்டும். அமிலம் போட்டால் நெரிசலான பக்கத்தில் ஒட்டும். வாடிக்கையாளர் கேட்டது முதல் வகை. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தச் சங்கதி ஆய்வக மேலாளருக்குத் தெரியாது. முதலாளியம்மாவின் தம்பி என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறென்ன தகுதி? ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சட்டுபுட்டு.

போன மாதம் அவர் கெடுத்த சரக்கின் பழி அங்கே வேலை பார்க்கும் கெமிஸ்ட் பெண்ணின் தலையில்தான் விழுந்தது. "இன்னொரு தப்பு நடந்தா நீ வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதனால் அவள் குடுவையில் காரம் போட்டு, இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ரெண்டு நாளா? அமிலம் போட்டா ஒரு மணி நேரம்மா!" என்று குதித்தார் சட்டுபுட்டு.

"சார், தப்பான பக்கம் ஒட்டிக்கும்."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய குடுவையைக் கழிவுத்தொட்டியில் கொட்டிவிட்டு, புதிதாக அமிலம் ஊற்றிச் செய்து முடித்தார் அந்த மேதாவி. மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியில் மட்டும் சோதித்தார். "அச்சு அசல் அதே எடை! இப்ப என்ன சொல்ற?"

எந்தப் பக்கம் ஒட்டினாலும் எடை ஒன்றுதானே! அவள் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பெருமை தாங்காமல் பதிவேட்டில் தானே எழுதினார்.

அனுப்பிய நான்காம் நாள் சரக்கு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. முதலாளியம்மா, எது எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் என்.எம்.ஆர். அறிக்கையோடு உள்ளே நுழைந்தார். "வேற பொருளாம்! யார் செஞ்சது?"

"இவதான்க்கா," என்றார் சட்டுபுட்டு, கண்கூடச் சிமிட்டாமல். தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

கெமிஸ்ட் பதிவேட்டை விரித்து நீட்டினாள். 'அமில முறை, என் சொந்த யோசனை. கெமிஸ்ட் வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை.' அடியில் அவர் கையெழுத்து, இரண்டு கோடு வேறு.

முதலாளியம்மா இரண்டு தடவை படித்தார். தம்பிக்கு முகம் வெளிறியது.

"திரும்பச் செய்ய எத்தனை நாளாகும்?"

"ரெண்டு நாள்மா," என்றாள் கெமிஸ்ட். "இவர் உள்ள வராம இருந்தா."

அக்கா தம்பியிடம் கை நீட்டினார். அவர் ஆய்வகச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.